ராத்திரிக்கு ராத்திரி பாட்டு லிஸ்ட்டை மாற்றணுமா? கடற்கரை ஊர்க் கச்சேரிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை, ராமநாதபுரம் கடற்கரையில் திருவிழாக் காலம் வந்துவிட்டால் மெல்லிசைக் குழுக்களுக்கு ஓய்வு கிடையாது. இன்று ஒரு கோயில் பொங்கல், நாளை ஒரு தேர்பவனி, மறுநாள் ஒரு கல்யாண வீடு என்று வேன் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு குழுவுக்குப் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுப்பது பல வருஷமாக என் வேலை.

பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள், கமிட்டிக்காரர்கள், பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகத்துக்குத்தான் வருகிறார்கள்: ஊருக்கு ஊர் பாட்டை மாற்றணுமா, ஒரே லிஸ்ட்டை ஓட்டலாமா? அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, என் பதிலையும் கீழே வைத்திருக்கிறேன். புதிதாகக் குழு ஆரம்பிக்கிற தம்பி தங்கச்சிகளை மனதில் வைத்து எழுதியது.

"அண்ணே, நேத்துப் போட்ட லிஸ்ட் நல்லாத்தானே போச்சு? அதையே இன்னிக்கும் போட்டா என்ன?"

நன்றாகப் போன லிஸ்ட்டில் கை வைக்க யாருக்கும் மனசு வராது. ஆனால் நேற்றுக் கேட்டவர்கள் வேறு, இன்று கேட்கப்போகிறவர்கள் வேறு என்றால்தான் அந்தக் கணக்கு சரிவரும். சென்னையில் ஒரு நாள், கோயம்புத்தூரில் ஒரு நாள் என்று போகிற குழுவுக்கு அது பொருந்தும். நாம் நேற்று தங்கச்சிமடத்தில் வாசித்துவிட்டு இன்று பாம்பனில் மேடை ஏறுகிறோம். பாம்பனில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்குத் தாய்வீடு தங்கச்சிமடமாக இருக்கும். இங்கே இருக்கிற பையனுக்கு அங்கே மச்சான் இருப்பான். பைக்கில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார்கள். முன்வரிசையில் நேற்றுப் பார்த்த முகங்களே உட்கார்ந்திருக்கும்.

மீன்பிடித் தடைக்காலத்தில் இது இன்னும் அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. தொழில் இல்லாத இளவட்டங்கள் எந்த ஊரில் கச்சேரி என்று விசாரித்து விசாரித்து வருவார்கள். அவர்கள் எதிரில் அதே பாட்டை, அதே வரிசையில், அறிவிப்பாளர் சொன்ன அதே ஜோக்கோடு திரும்பப் போட்டால், அடுத்து வரப்போவதை அவர்களே முன்கூட்டிக் கத்திச் சொல்வார்கள். அந்த நிமிஷமே மேடையின் மரியாதை போய்விடும். அதனால் மாற்றணும் என்பதுதான் என் பதில். எவ்வளவு என்பது அடுத்த கேள்வி.

"அப்ப மொத்தமா மாத்திரணுமா?"

வேண்டாம். மூன்று மணி நேரக் கச்சேரிக்கு அறிவிப்பெல்லாம் சேர்த்து 28 முதல் 30 பாட்டு பிடிக்கும். இதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 10 பாட்டு, ராத்திரிக்கு ராத்திரி மாறட்டும். மீதி நிற்கட்டும்.

எது நிற்கணும்? முதல் பாட்டு நிற்கணும். சவுண்ட் எப்படி இருக்கிறது என்று மிக்ஸரில் இருப்பவர் அதை வைத்துத்தான் சரிபார்ப்பார். ஒவ்வொரு இரவும் ஒரே பாட்டாக இருந்தால் எந்த மைக் குறைகிறது, எந்த மானிட்டர் ஊளையிடுகிறது என்று அவருக்குச் சட்டென்று பிடிபடும். கடைசி மூன்று பாட்டும் நிற்கணும், ஏனென்றால் களைப்பில் கை தானாக வாசிக்கிற பாட்டுகள் அங்கே இருந்தால்தான் முடிவு சிதறாது. குழுவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த ரெண்டு மூன்று பாட்டு நிற்கணும். மாறவேண்டியது நடுவில் இருக்கிற டூயட்டுகள், பழைய பாட்டுப் பகுதி, குத்துப் பாட்டு வரிசை.

இப்படி மாற்றுவதற்குக் கையில் 60 பாட்டாவது தேறியிருக்கணும். தேறியது என்றால் பாடிப் பார்த்தது இல்லை, எல்லோரும் சேர்ந்து ஒத்திகையில் முடித்தது. அந்த இருப்பு இல்லாத குழு முதல் வருஷம் ஒரே லிஸ்ட்டோடு போவதுதான் நல்லது. தேறாத பாட்டைப் புதுசு என்பதற்காக மேடையில் போடுவதைவிடத் தேறிய பாட்டை ரெண்டாம் தடவை போடுவது எவ்வளவோ மேல்.

"வெளிநாட்டுல பெரிய பெரிய பேண்டெல்லாம் என்ன பண்றாங்க?"

ரெண்டு கட்சியும் அங்கே இருக்கிறது. அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்ற குழு 1965-லிருந்து 1995 வரை ஓடியது. ஒரு ராத்திரி வாசித்த வரிசையை அடுத்த ராத்திரி அவர்கள் திரும்ப வாசிப்பது கிடையாது. அதனாலேயே ஊர் ஊராகப் பின்னால் போகிற ஒரு கூட்டம் அவர்களுக்கு உருவானது. ரசிகர்கள் கச்சேரியைப் பதிவு செய்துகொள்ளவும் அனுமதித்தார்கள். எந்த ராத்திரி எது வாசித்தார்கள் என்பதையே பொக்கிஷமாகச் சேர்த்து வைப்பவர்கள் இன்றும் உண்டு. அதே வழியில் வந்த ஃபிஷ் குழு 2017-இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 13 ராத்திரி வாசித்தது. மொத்தம் 237 பாட்டு, ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், கூட்டத்தில் தூக்கிப் பிடிக்கிற அட்டைகளைப் பார்த்து, அதில் இருக்கிற பாட்டை அப்போதே எடுத்து வாசிப்பதில் பேர்போனவர். மெட்டாலிகா குழு 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் ஆரம்பித்த சுற்றுப்பயணத்தில் பல ஊர்களில் ரெண்டு ராத்திரி வாசித்தார்கள். முதல் ராத்திரிப் பாட்டு ரெண்டாம் ராத்திரியில் வரவில்லை.

இன்னொரு பக்கம் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட். 2023 மார்ச் முதல் 2024 டிசம்பர் வரை 149 கச்சேரி. விளக்கு, உடை, ஆட்டம், பின்னால் ஓடுகிற திரை எல்லாம் நொடிக் கணக்கில் கோத்தது என்பதால் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் நடுவில் ஒரு இடத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார். கிட்டாரோடும் பியானோவோடும் தனியாக உட்கார்ந்து அன்றைய ராத்திரிக்கென்று பாடுகிற பாட்டுகள் அங்கே வரும். இன்று என்ன பாட்டு என்று வேறு நாட்டில் இருப்பவர்கள்கூடத் தூங்காமல் காத்திருந்தார்கள்.

நம் மாதிரிக் குழு பார்த்துப் படிக்கவேண்டியது ஸ்விஃப்டைத்தான் என்று நினைக்கிறேன். ஃபிஷ் மாதிரிச் செய்ய முப்பது வருஷமாக ஒன்றாக வாசிக்கிற நாலு பேர் வேணும். நம்மிடம் சீசனுக்கு சீசன் டிரம்மர் மாறுகிறார்.

"நம்ம பக்கத்துல இதுக்கு முன்மாதிரி எதுவுமே இல்லையாண்ணே?"

கண் முன்னால் இருக்கிறது. நம் மாவட்டத்துக் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் நாடகம் எத்தனை ஊரில், எத்தனை வருஷமாக நடக்கிறது! கதை எல்லோருக்கும் மனப்பாடம். முருகன் வருவார், நாரதர் வருவார், கடைசியில் கல்யாணம் நடக்கும். ஆனாலும் ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். தர்க்கத்தில் அன்றைக்கு யார் எதிரில் யார், என்ன கேள்வி, என்ன பதில், எந்த ராகத்தில் எதிராளியை மடக்கினார் என்பதுதான் அவர்களுக்கு விஷயம். நடிகர்களைத் தனித்தனியாக ஒப்பந்தம் பேசிக் கூப்பிடுவார்கள். சேர்ந்து ஒத்திகை பார்ப்பதே கிடையாது. நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக் கொடுத்த கட்டுமானம் அவ்வளவு உறுதியாக நிற்பதால்தான் மேலே இவ்வளவு சுதந்திரம் கிடைக்கிறது.

கர்நாடக சங்கீதக் கச்சேரியும் அப்படித்தான். வர்ணத்தில் தொடங்கி, நடுவில் பெரிய உருப்படியும் தனி ஆவர்த்தனமும், கடைசியில் துக்கடாக்கள், மங்களம். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்ததாகச் சொல்லப்படுகிற அந்தச் சட்டகம் நிற்கிறது. அதற்குள் வருகிற பாட்டும் ராகமும் சபாவுக்கு சபா மாறுகின்றன. முன்னால் சொன்ன 'மூன்றில் ஒரு பங்கு' யோசனை எனக்கு வெளிநாட்டிலிருந்து வரவில்லை, இங்கிருந்துதான் வந்தது.

"நாங்க பக்கத்து ஊர்ல உங்க கச்சேரியப் பாத்துட்டுத்தான் அட்வான்ஸ் குடுத்தோம். அதே மாதிரிதான் வேணும். நீங்க மாத்துறேன்னா எப்படி?"

கமிட்டிக்காரர்கள் கேட்கிற இந்தக் கேள்வி நியாயமானது. லிஸ்ட் எழுதுகிறவருக்கு இதைவிடச் சிக்கலான கேள்வி இல்லை. நம்மைக் கூப்பிட்டவருக்குப் பார்த்தது அப்படியே வேணும். பார்க்க வருகிற இளவட்டத்துக்குப் பார்க்காதது வேணும். ரெண்டு பேரும் ஒரே பந்தலில் உட்கார்ந்திருப்பார்கள்.

கமிட்டியிடம் நேராகக் கேளுங்கள்: "அண்ணே, அங்கே உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எது எது?" பெரும்பாலும் மூன்று, நாலு பாட்டுக்கு மேல் சொல்லமாட்டார்கள். சொல்கிற பாட்டும் அநேகமாக நாம் நிறுத்தி வைத்திருக்கிற பாட்டுகளாகவே இருக்கும். அவற்றை உறுதி சொல்லிவிடுங்கள். அதோடு, "நடுவுல உங்க ஊருக்குன்னு பத்துப் பாட்டு மாத்துவோம்" என்றும் அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். உங்க ஊருக்கென்று மாற்றுகிறோம் என்றால் எந்தத் தலைவரும் மறுப்பதில்லை.

முன்கூட்டிச் சொல்லாவிட்டால் எவ்வளவு பெரிய ஆளுக்கும் சங்கடம் வரும். 2017 ஜூலையில் லண்டன் வெம்ப்லியில் ஏ.ஆர். ரகுமான் நடத்திய கச்சேரியில் தமிழ்ப் பாட்டு அதிகம் என்று இந்தி ரசிகர்கள் சிலர் எழுந்து போனார்கள், பணத்தைத் திருப்பித் தரச் சொன்னார்கள். சண்டை பாட்டின் தரத்தைப் பற்றி இல்லை. எதிர்பார்த்து வந்தது வேறு, அவ்வளவுதான்.

"எந்த ஊருக்கு எதை மாத்துறதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

முதலில் என்ன விசேஷம் என்று பாருங்கள். ஜூலையில் தங்கச்சிமடம் வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழா மாதிரி ஆலயத் திருவிழா என்றால் ஆரம்பத்தில் மாதா பாட்டும் அந்த ஊர்ப் பாதுகாவலர் பாட்டும் வரணும். அதைப் பெயருக்கு ஒன்று பாடிவிட்டுச் சினிமாவுக்குத் தாவக்கூடாது. அம்மன் கோயில் பொங்கல் என்றால் கும்மி தாளத்தில் ரெண்டு பாட்டு வைத்தால் பெண்கள் பக்கம் எழுந்து நிற்கும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் கல்யாண வீட்டு நிகழ்ச்சி என்றால் நாகூர் ஹனிபா பாட்டு இல்லாமல் போகவே கூடாது. அவர் ராமநாதபுரத்தில் பிறந்தவர் என்பதை அறிவிப்பாளர் ஒரு வரி சொன்னால் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தப் பாட்டுக்கு உச்சியில் நிற்கிற குரல் வேணும். குழுவில் அப்படிக் குரல் இல்லையென்றால் கீபோர்டில் வாசிப்பது உத்தமம்.

ரெண்டாவது, மறுநாள் தொழில் இருக்கிறதா என்று கேளுங்கள். வடகடல் (பாக் நீரிணை) பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று முறை இருக்கிறது. காலையில் கடலுக்குப் போகவேண்டியவர்கள் சீக்கிரம் எழுந்து போய்விடுவார்கள். அந்த ஊரில் கடைசிக்கு என்று வைத்திருக்கிற பெரிய பாட்டை முன்னால் கொண்டுவந்து விடணும். கடைசியில் வெறும் நாற்காலிகளுக்குப் பாடுவதில் யாருக்கு என்ன லாபம்?

மூன்றாவது காற்று. இதை வெளியூர்க் குழுக்கள் யோசிப்பதே இல்லை. ஆடி மாதம் கச்சான் காற்று அடிக்கும்போது கடலைப் பார்த்த மேடையில் நின்றால் மைக்கில் பஞ்சு மாட்டினாலும் 'புர்ர்' என்று இரையும். புல்லாங்குழலில் தொடங்கும் மெல்லிய பாட்டு, மூச்சு விடுவது வரைக்கும் கேட்கவேண்டிய பாட்டு எல்லாம் அன்றைக்கு எடுபடாது. தாளம் கனமான பாட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழி, தையில் வேறு பிரச்சினை. ராத்திரி பனி இறங்க இறங்கத் தபேலாத் தோல் தளர்ந்து சுருதி கீழே போகும். வாசிப்பவர் பாட்டுக்கு நடுவில் சுத்தியலை எடுத்துத் தட்டிக்கொண்டே இருப்பார், ஆனாலும் கீபோர்டோடு ஒட்டாது. தபேலாவை நம்பி நிற்கிற பழைய மெலடிகளை முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு, பின்னால் ரிதம் பேடும் டிரம்ஸும் வருகிற பாட்டுகளை வையுங்கள். அன்றைக்குப் பாட்டை மாற்றத் தேவையில்லை, வரிசையை மாற்றினால் போதும்.

"லிஸ்ட்ட மாத்துனா கீபோர்டு அண்ணன் கோவப்படுறாரே?"

அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் எந்த டோன், எந்த ஸ்கேல், வயலின் எப்போது, குழல் எப்போது என்று வரிசையாகச் சேமித்து வைத்திருப்பார். ஒரு பட்டனைத் தட்டினால் அடுத்த பாட்டுக்குப் போகும். நீங்கள் நடுவில் ரெண்டை எடுத்து மூன்றைச் சொருகினால் அவர் இருட்டில் தேடணும். ரிதம் பேட் வாசிப்பவருக்கும் இதே கதை. லேப்டாப்பில் ட்ராக் ஓட்டுகிற குழுவில் தவறான ட்ராக் ஓடிவிட்டால் பாடகர் ஒரு பாட்டும் இசை வேறு பாட்டுமாக நிற்கும்.

அதனால் லிஸ்ட்டை முந்தின நாள் ராத்திரியே, தவறினால் அன்று மதியத்துக்குள், வாட்சப்பில் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். மாறிய பாட்டுக்கு எதிரில் மட்டும் நட்சத்திரம் போடுங்கள். பாட்டின் பெயரோடு பாடுகிறவர் பெயர், எத்தனை கட்டை சுருதி, பாட்டைத் தொடங்க 'ஒன்று, ரெண்டு' என்று எண்ணிக்கை யார் கொடுப்பது என்று மூன்றும் இருக்கணும். நான் எழுதுகிற லிஸ்ட்டில் நடுப்பகுதியை ஐந்து ஐந்து பாட்டாகக் கட்டி வைத்திருக்கிறேன். மாற்றும்போது ஒரு கட்டு முழுவதையும் அப்படியே எடுத்துவிட்டு வேறு கட்டு வைப்போம். கீபோர்டிலும் அதே கட்டுகளாகச் சேமித்திருப்பதால் தேடல் இல்லை. ஆணும் பெண்ணும் மாறி மாறி வருவதும், உச்ச ஸ்தாயிப் பாட்டு ரெண்டு அடுத்தடுத்து வராமல் இருப்பதும் கட்டுக்குள்ளேயே சரிபார்த்தாகிவிட்டது.

"வாசிக்கிற எங்களுக்கே அலுத்துப் போகுதுண்ணே. அது ஒரு காரணமா?"

காரணம்தான், ஆனால் முதல் காரணம் இல்லை. உங்களுக்கு நூறாவது தடவையாக இருக்கிற பாட்டு, வருஷத்துக்கு ஒரு கச்சேரி பார்க்கிற மோர்ப்பண்ணைப் பாட்டிக்கு முதல் தடவை. அவருக்கு அதை முதல் தடவை மாதிரியே கொடுக்கவேண்டியது நம் கடமை.

ஆனால் அலுப்பு கையில் இறங்கும், அதைக் கவனிக்கணும். ஒரே பாட்டைத் தொடர்ந்து வாசித்தால் தாளம் கொஞ்சம் கொஞ்சமாக வேகமெடுக்கும். சீசன் ஆரம்பத்தில் எடுத்த வீடியோவையும் கடைசியில் எடுத்ததையும் போட்டுப் பாருங்கள், அதே பாட்டு ஓடிப்போயிருக்கும். பாடுகிறவர் மூச்சு வாங்க இடமில்லாமல் வார்த்தையை விழுங்குவார். அப்படி ஆன பாட்டுக்கு ரெண்டு மூன்று ராத்திரி ஓய்வு கொடுத்துவிட்டுத் திரும்ப எடுங்கள்.

"பாடுறவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. லிஸ்ட் அப்படியேதான் போகணுமா?"

போகவேண்டியதில்லை. நிற்கணும் என்று முன்னால் சொன்ன பாட்டாக இருந்தாலும் எடுத்துவிடலாம். அரைக் கட்டை இறக்கிப் பாடினால் சமாளிக்கலாம் என்றால் இறக்குங்கள். சமாளிக்க முடியாது என்றால் பிடிவாதம் வேண்டாம். உப்புக் காற்றில் ஒரு ராத்திரி கத்தினால் ஒரு வாரக் கச்சேரி போய்விடும்.

"பத்து மணிக்கு மைக்க நிறுத்தச் சொல்லிட்டா என்ன பண்றது?"

2000-இல் வந்த ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் 12 மணி வரை தளர்த்தலாம். நம் ஊருக்கு அந்தத் தளர்வு இருக்கும் என்று நம்பி லிஸ்ட் எழுதக்கூடாது. கமிட்டிக்காரர் "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று சொன்னாலும் நான் ரெண்டு முடிவு எழுதி வைப்பேன்: 10 மணிக்கு நிறுத்தினால் எந்தப் பாட்டோடு முடிப்பது, நேரம் கிடைத்தால் எதோடு முடிப்பது. தேர் தாமதமாகி, எட்டரைக்குத்தான் மேடை கையில் கிடைக்கிற ஊர்கள் நிறைய உண்டு. அன்றைக்கு மாறுகிற பகுதியில்தான் வெட்டணும், நிற்கிற பாட்டுகளில் இல்லை.

"மேடைக்குச் சீட்டு வந்துக்கிட்டே இருக்கே, அதெல்லாம் பாடணுமா?"

நேயர் விருப்பச் சீட்டு லிஸ்ட்டுக்கு எதிரி இல்லை. அந்த ஊருக்கு என்ன பிடிக்கும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டுகிற காகிதம் வேறு இல்லை. மாறுகிற 10 பாட்டில் மூன்று இடத்தை வெறுமனே விட்டு வையுங்கள். வருகிற சீட்டில் நம் 60 பாட்டுக்குள் இருப்பதை எடுத்து அங்கே வையுங்கள். எழுதியவர் பெயரை அறிவிப்பாளர் வாசித்தால் அவருக்கு அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் இருக்கும்.

தேறாத பாட்டுக்குச் சீட்டு வந்தால், "அந்தப் பாட்டு இன்னிக்குத் தயாரா இல்ல, அதே பாடகரோட வேற பாட்டு தர்றோம்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ஜனங்கள் ஒத்துக்கொள்வார்கள். பாதியில் திணறி நிறுத்தினால்தான் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

"போன வாரம் வந்த பாட்டு செம ஹிட்டு. உடனே போட்டுரலாமா?"

ஒத்திகை முடிந்தால் போடலாம். ஆனால் ஒரு ராத்திரிக்குப் புதுப் பாட்டு ரெண்டுக்கு மேல் வேண்டாம் என்பது என் கணக்கு. புதுப் பாட்டைக் கூட்டம் போனிலேயே அசல் ஒலியில் நூறு தடவை கேட்டிருக்கும். நம்முடையதை அதோடு வைத்துத்தான் பார்ப்பார்கள். பழைய பாட்டுக்கு அந்தச் சோதனை இல்லை.

"நான் ஒரே ஒரு பாட்டு கேக்கத்தான் வந்தேன். முந்தாநாள் பாடிருக்கீங்க, எங்க ஊர்ல விட்டுட்டீங்களே?"

தேவிபட்டினத்தில் ஒரு அக்கா இப்படிக் கேட்டார், அப்புறம் இன்னும் பலர் கேட்டுவிட்டார்கள். மாற்றுகிற முறையில் இருக்கிற உண்மையான இழப்பு இதுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். பத்துப் பாட்டு உள்ளே வந்தால் பத்துப் பாட்டு வெளியே போகிறது, அதில் ஒன்று யாரோ ஒருவருடைய பாட்டு.

இதைக் குறைக்க வழி இருக்கிறது. ஒரு பாட்டை வெளியே எடுத்ததும் சீட்டு அதற்கு வருகிறதா என்று பாருங்கள். ஊருக்கு ஊர் வந்தால் அது மாறுகிற பாட்டு இல்லை, நிற்கிற பாட்டு. உடனே அந்தப் பக்கம் சேர்த்துவிடுங்கள். நிற்கிற பாட்டுகள் எவை என்று தீர்மானிப்பது கேட்கிறவர்கள்தான். நாம் அதை எழுதி வைக்கிறோம், அவ்வளவே.

"இப்பத்தான் எல்லாத்தையும் லைவ்ல போடுறாங்களே, இனிமே மாத்தி என்ன, மாத்தாட்டி என்ன?"

லைவ் வந்த பிறகுதான் மாற்றுவது இன்னும் அவசியமாகிவிட்டது. ஊர்த் திருவிழாவை யூடியூப்பில் பார்ப்பவர்களில் நிறையப் பேர் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற நம் பிள்ளைகள். அவர்கள் ஒரு ஊர் மட்டும் பார்ப்பதில்லை. லீவு நாளில் உட்கார்ந்து வரிசையாகப் பார்க்கிறார்கள். அடுத்த வருஷத் திருவிழாவுக்குப் பணம் அனுப்புகிறவர்களும் அவர்கள்தான், எந்தக் குழுவைக் கூப்பிடலாம் என்று கமிட்டிக்குப் போன் போடுகிறவர்களும் அவர்கள்தான்.

அதே லைவில் வேறொரு நன்மையும் உண்டு. முதல் நாள் வீடியோவைப் பார்த்துவிட்டு, நமக்கு அந்தப் பாட்டு வேணும் என்று அடுத்த ஊர்க்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். முந்தின கேள்வியில் வந்த இழப்பு அதனால் கொஞ்சம் குறைகிறது.

"எங்க சமுதாயப் பாட்டு ஒண்ணு போடுங்கன்னு கேக்குறாங்க. ஊருக்கு ஏத்த மாதிரி மாத்துறதுதானே உங்க முறை?"

இல்லை. ஊருக்கு ஏற்ற பாட்டு என்று நான் சொன்னதில் இது சேராது. சாதிப் பெருமைப் பாட்டு என் லிஸ்ட்டில் ஒரு ஊருக்கும் கிடையாது. ஒரு தெரு எழுந்து ஆடும்போது இன்னொரு தெரு எழுந்து நிற்கும், அதற்குப் பிறகு நடப்பது பாட்டு இல்லை. ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகிற வழக்குகளில், சாதி, மதம், கட்சி சார்ந்த பாட்டோ ஆட்டமோ கூடாது என்ற நிபந்தனை வழக்கமாக வருகிறது. மீறினால் நிகழ்ச்சியைப் போலீஸ் அங்கேயே நிறுத்தலாம்.

மேடையில் வைத்து மறுத்தால் கோபம் வரும். அதனால் ஒப்பந்தம் பேசும்போதே சொல்லிவிடுங்கள், எழுத்திலும் ஒரு வரி போடுங்கள். அன்று ராத்திரி சீட்டு வந்தால் அறிவிப்பாளர் அதை வாசிக்காமல் கமிட்டித் தலைவரிடம் கொடுத்துவிடட்டும். அவர் பார்த்துக்கொள்வார். இந்த விஷயத்தில் பாடகரை, முக்கியமாகப் பெண் பாடகரை, முன்னால் நிறுத்திப் பதில் சொல்ல வைக்காதீர்கள்.

"அடுத்த வருஷமும் அதே ஊரு கூப்பிட்டா? எதப் பாடுனோம்னே ஞாபகம் இல்லையே."

அதற்குத்தான் நோட்டு. ஊர், தேதி, விசேஷம், போட்ட வரிசை, எந்தப் பாட்டுக்கு ஒன்ஸ்மோர் வந்தது, எதற்குக் கூட்டம் டீ குடிக்கப் போனது, வந்த சீட்டுகளில் பாட முடியாமல் போனவை. கச்சேரி முடிந்து வேனில் ஏறுவதற்குள் எழுதிவிடணும், மறுநாள் எழுதினால் ரெண்டு ஊர் குழம்பிவிடும். போனில் எழுதினாலும் சரி, ஆனால் ஒருவர் போனில் மட்டும் இருக்கக்கூடாது.

அதே ஊருக்குத் திரும்பப் போகும்போது போன வருஷம் ஒன்ஸ்மோர் வாங்கிய பாட்டை வையுங்கள், போன வருஷம் நடுவில் வந்த பத்தை முழுதாக எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் முதலில் வைக்கவேண்டியது போன வருஷம் சீட்டு எழுதி நாம் பாடாமல் விட்ட பாட்டு. ஒரு வருஷம் இருக்கிறது, ஒத்திகை பார்த்துவிடலாம். சீட்டில் பெயர் இருந்தால் அதையும் குறித்து வைத்து அறிவிப்பில் சொல்லுங்கள். அவர் கூட்டத்தில் இல்லாவிட்டாலும் பக்கத்தில் இருக்கிறவர் போன் போட்டுக் கேட்க வைப்பார்.